காட்டு வேலை முதல் கம்பெனி வேலை வரை: விவசாயம், உணவுத் தயாரிப்புத் துறை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள், வேறு வேலையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்லப்பட்டவை.

எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. விவசாயத் துறையில் எனக்கு என்ன வேலை இருக்கப் போகிறது?

நிலம் உள்ளவருக்குத்தான் விவசாயம் என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பெங்களூரா மாங்காயின் பின்னாலேயே போய்ப் பாருங்கள்.

சந்தூர் சுற்றுவட்டார நாற்றங்கால்களில் ஒட்டுக் கட்டுகிறவரிடம் தொடங்குகிறது அதன் பயணம். கை நேர்த்தி உள்ளவருக்கு அங்கே எப்போதும் கிராக்கிதான். அடுத்து, பூ எடுக்கும்போதே தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடிக்கும் வியாபாரி. பிறகு மருந்து அடிப்பவர், காய் பறிக்கும் ஆட்கள், மண்டிக்காரர், லாரி. கூழ் ஆலையின் வாசலுக்கு வந்ததும் எடை மேடையில் ஒருவர் சீட்டு எழுதுகிறார், இன்னொருவர் அடிபட்ட காயைக் கழிக்கிறார். பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயுவின் அளவையும் வெப்பநிலையையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. எத்திலீனுக்கும் உச்ச வரம்பு உண்டு. அதன் பிறகு கழுவும் இடம், கொட்டை நீக்கி, கூழ் பிழியும் எந்திரம், அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் காற்றுப்படாமல் பையில் அடைக்கும் எந்திரம். ஒரு டிரம்முக்கு ஏறத்தாழ 215 கிலோ. நடுவே ஆய்வகத்தில் ஒரு பெண் மணிக்கு மணி மாதிரி எடுத்து இனிப்பின் அளவான பிரிக்ஸையும் புளிப்பையும் குறித்து வைப்பார். அவர் 'இல்லை' என்றால் அந்த பேட்ச் நகராது. பாய்லரைப் பார்க்கிறவர், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், கிடங்குக் கணக்கர், சென்னைத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் அனுப்பும் ஏற்றுமதி ஆவணக்காரர் என்று வரிசை இன்னும் நீள்கிறது.

இத்தனை பேரில் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். பண்ருட்டி முந்திரி, சேலம் ஜவ்வரிசி, நாமக்கல் முட்டை, ஈரோடு மஞ்சள், காங்கேயம் தேங்காய் எண்ணெய், தூத்துக்குடி இறால், நீலகிரித் தேயிலை எதை எடுத்தாலும் இதே கதைதான். ஆகவே "விவசாயம் படிக்கலாமா" என்று கேட்பதைவிட, இந்த வரிசையில் எந்த இடம் எனக்கு ஒத்துவரும் என்று கேட்பது பயன் தரும். வெயிலில் அலைவது பிடிக்குமா, எந்திரத்தோடு மல்லுக்கட்டுவது பிடிக்குமா, ஓரிடத்தில் நின்று அளந்து பார்ப்பது பிடிக்குமா, பேசி விற்பது வருமா? படிப்பை இதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டேன். பேக்கிங் வேலைதான் கிடைக்குமா?

இல்லை. உணவு ஆலைகள் உண்மையில் ஆளில்லாமல் தவிப்பது பட்டதாரிகளுக்காக அல்ல, எந்திரம் தெரிந்தவர்களுக்காக.

ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழிற்பிரிவு படித்தவரைப் பால் பண்ணை, ஐஸ்கிரீம் ஆலை, இறால் பதப்படுத்தும் கூடம், குளிர்பதனக் கிடங்கு எல்லாமே தேடும். பெரிய குளிர்பதன நிலையங்கள் அம்மோனியாவில் ஓடுபவை. அந்தக் கம்ப்ரசரை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குத் தேறிவிட்டால் வேலை உங்களைத் தேடி வரும். பாய்லர் இயக்குவதற்குச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் பெற்றவர் இருந்தாக வேண்டும். உதவியாளாகச் சேர்ந்து, அனுபவக் காலம் முடித்து, அதற்கான தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவருக்குச் சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, கூழ் ஆலை எங்கும் கதவு திறக்கும். டிராக்டர் மெக்கானிக், ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் படிப்புகளும் அப்படித்தான்.

வயல் பக்கம் என்றால் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுநர். டெல்டாவில் சம்பா அறுவடை நேரத்தில் அவருக்குத் தூங்க நேரம் இருக்காது. டிரோன் மருந்து தெளிப்பும் இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. 2021-ன் டிரோன் விதிகள்படி, 18 வயது நிறைந்து பத்தாம் வகுப்பு தேறியவர், மத்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்து ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பயிற்சி மைய விளம்பரங்களில் வரும் மாத வருமானத்தை அப்படியே நம்பிக் கடன் வாங்கி டிரோன் வாங்காதீர்கள். முதலில் ஒரு பருவம் வேறொருவரின் டிரோனுக்குக் கூலிக்குப் பறந்து பாருங்கள். பேட்டரி எத்தனை நடை தாங்குகிறது, வயலோரத் தென்னையும் மின்கம்பியும் எப்படித் தொந்தரவு செய்கின்றன என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும்.

ப்ளஸ் டூவுக்குப் பிறகு என்னென்ன படிப்புகள்? எங்கே?

கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை எல்லோருக்கும் தெரியும். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, 1906-ல் கோவைக்கு இடம் மாறி, 1971-ல் பல்கலைக்கழகமானது. பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டுவளர்ப்பு, வேளாண் வணிகம், பி.டெக். வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம் என்று பல படிப்புகள் இதன்கீழ் உண்டு. மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, பெரியகுளம், மேட்டுப்பாளையம், குமுளூர் என உறுப்புக் கல்லூரிகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில். நீட் தேவையில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் க்யூட் எனும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கால்நடை பக்கம், 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். கால்நடை மருத்துவப் படிப்பு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. இங்கே பலர் கவனிக்காமல் விடுவது பி.டெக். படிப்புகளை. சென்னையை அடுத்த கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பம், ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பம். இடங்கள் குறைவு, படிப்பவர்களும் குறைவு. பால் நிறுவனங்களும் கோழி நிறுவனங்களும் நிறைந்திருக்கும் மாநிலத்தில் இது நல்ல கணக்கு என்பேன். மீன்வளத்துக்கு நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தஞ்சாவூரில் நிஃப்டம், அதாவது தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனம். இது பிறந்த விதம் சுவையானது. குறுவை அறுவடையில் மழை வந்து நெல் நனைந்து முளைவிடுகிறதே, அதை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்காக 1967-ல் திருவாரூரில் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம், பிறகு தஞ்சைக்கு வந்து வளர்ந்து, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகியிருக்கிறது. இங்கே பி.டெக். உணவுத் தொழில்நுட்பத்தில் சேர ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். முதுநிலை படிக்க நினைப்பவர்கள் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண், கால்நடை, மீன்வளப் படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. 2021 சட்டம் இது. தகுதி இருந்தும் தெரியாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

பி.எஸ்சி. அக்ரி, பி.டெக். ஃபுட் டெக். இரண்டில் எது மேல்?

இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. அக்ரி படித்தால் மண், பயிர், பூச்சி, விதை, விவசாயி. கடைசி ஆண்டில் கிராமத்திலேயே தங்கிப் படிக்கும் பருவம் ஒன்று உண்டு. அந்த வாரங்கள் பிடித்துப்போனவர்கள்தான் இத்துறையில் நிலைக்கிறார்கள். ஃபுட் டெக். படித்தால் வெப்பம், குழாய், நுண்ணுயிர், பேக்கேஜிங். ஆலையின் தரையில் நிற்கும் வேலை.

ப்ளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலான பி.டெக். வழிகள் மூடியிருக்கும். இன்னொரு குழப்பம்: உணவு அறிவியலும் ஊட்டச்சத்தும் என்ற பெயரில் கலைக் கல்லூரிகளில் நடக்கும் பி.எஸ்சி. படிப்பு வேறு, உணவுத் தொழில்நுட்பம் வேறு. முதலாவது மருத்துவமனை, உணவு ஆலோசனை பக்கம் சாய்வது. அதைப் படித்துவிட்டு பிஸ்கட் ஆலையில் உற்பத்திப் பிரிவு வேலை கேட்டால், எந்திரவியல் கேள்விகளில் திணற வேண்டியிருக்கும். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போகலாம். மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, வேதியியல் படித்தவர்களும் அங்கே நிறையவே இருக்கிறார்கள்.

தனியார் வேளாண் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேரலாமா?

சேரும் முன் மூன்றைப் பாருங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றதா? கல்லூரிக்கென்று உழுது பயிர் செய்யும் நிலம் நிஜமாகவே இருக்கிறதா? கடந்த இரண்டு ஆண்டுகளில் படித்து முடித்தவர்களில் நாலைந்து பேரின் எண்ணைத் தருவார்களா? வேறு மாநில நிகர்நிலைப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்பதை அவர்கள் வாயால் கேட்காமல் எழுத்தில் பாருங்கள். அரசுப் பணித் தேர்வு நேரத்தில் இது கழுத்தைப் பிடிக்கும். நிலத்தை விற்றுக் கட்டணம் கட்டும் அளவுக்கு எந்த விவசாயப் படிப்பும் உசத்தி இல்லை என்பது என் கருத்து.

அரசு வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் வரிசை பெரிது. வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. அடிப்படை ஊதியம் 37,700 ரூபாயில் தொடங்கும். வேளாண் டிப்ளமோ படித்தவர்களுக்கான உதவி அலுவலர் பணிகளின் தொடக்கம் 20,600. அகவிலைப்படி போன்றவை தனி. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு. வேளாண், ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு, இந்திய உணவுக் கழகம், மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகம் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு ஃபுட் டெக்., பால்வளத் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று பல பட்டங்கள் செல்லும். இந்த அறிவிப்பு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக வருவதால் டி.என்.பி.எஸ்.சி. பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கண்ணில் படுவதில்லை.

அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே ஆண்டுகள் ஓடும். கோச்சிங் சென்டர் அறையில் அந்த ஆண்டுகளைக் கழிக்காமல், ஒரு வேலையில் இருந்தபடியே எழுதுங்கள். வயலில் இரண்டு பருவம் நடந்தவருக்கு, குருத்துப்பூச்சியா இலைச்சுருட்டுப் புழுவா என்ற கேள்விக்குக் குறிப்பேடு வேண்டியதில்லை.

தனியார் நிறுவனத்தில் முதல் வேலை எப்படி இருக்கும்?

அக்ரி பட்டதாரி என்றால் பெரும்பாலும் கள அலுவலர். விதை, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர், டிராக்டர், வேளாண் கடன் என்று எந்த நிறுவனமானாலும் ஒரு டூவீலர், நான்கைந்து ஒன்றியங்கள், ஒரு டார்கெட். காலையில் செயல்விளக்கத் திடல், மதியம் டீலர் கடை, மாலையில் விவசாயிகள் கூட்டம். பொருள் விற்பதைவிட டீலரிடம் பாக்கி வசூலிப்பதுதான் பாதி வேலை என்பதை நேர்காணலில் யாரும் சொல்ல மாட்டார்கள். பேசத் தெரிந்தவருக்கு இது தங்கச் சுரங்கம். கூச்ச சுபாவம் உள்ளவர் ஆறு மாதத்தில் வாடிப்போவார். அவருக்கு விதை நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவு ஒத்துவரலாம். ஆத்தூர், தருமபுரிப் பக்கம் வீரிய ஒட்டு விதைக்காக ஒவ்வொரு பூவாக மகரந்தம் தொட்டு வைக்கும் வயல்களை மேற்பார்வை பார்க்கும் வேலை. பொறுமைதான் அங்கே முதல்.

கோழிப் பண்ணை ஒருங்கிணைப்பு நிறுவனங்களில் லைன் சூப்பர்வைசர். கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தரும். விவசாயி கொட்டகையில் வளர்த்துக் கொடுத்து கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்குவார். உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் வேர்விட்ட முறை இது. தினமும் பண்ணை பண்ணையாகப் போய்ச் சாவு எண்ணிக்கை, தீவன இருப்பு, எடை பார்ப்பது சூப்பர்வைசரின் பாடு. கம்பெனிக்கும் பண்ணையாளருக்கும் நடுவில் நிற்பதால் இரண்டு பக்கத் திட்டும் கிடைக்கும்.

ஃபுட் டெக். படித்தவர் ஆலையில் கியூசி (தரக் கட்டுப்பாடு) கெமிஸ்டாகவோ ஷிஃப்ட் பொறுப்பாளர் பயிற்சியாளராகவோ தொடங்குவார். பால் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். டேங்கர் வந்து நின்றதும் மாதிரி எடுத்து ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), வெப்பநிலை, புளிப்பு, கலப்படச் சோதனைகள். அதில் தேறினால்தான் பால் இறங்கும். ஒரு டேங்கரைத் திருப்பி அனுப்பும்போது கொள்முதல் பிரிவிலிருந்து போன் வரும், மேனேஜர் அழைப்பார், டிரைவர் கத்துவார். எண்ணைப் பார்த்து முடிவு சொல்லிவிட்டு நிற்கும் நெஞ்சுரம் பாடப் புத்தகத்தில் வராது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டரைசரில் 72 டிகிரி, 15 விநாடி. அது ஒரு டிகிரி இறங்கினாலும் பால் தானாகத் திரும்பி ஓட வேண்டும். ஓடுகிறதா என்று பார்ப்பதும் பதிவேட்டில் எழுதுவதும் உங்கள் கையெழுத்தில் இருக்கும். மூன்று ஷிஃப்ட். தீபாவளி அன்றும் பால் வரும்.

சம்பளம் கட்டுப்படியாகுமா?

தொடக்கச் சம்பளத்தை மட்டும் வைத்து ஐ.டி.யோடு ஒப்பிட்டால் மனசு ஒடியும். சொல்லும் தொகையில் எது கைக்கு வருகிறது என்று பிரித்துக் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக எவ்வளவு? கள வேலை என்றால் பெட்ரோல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, வண்டி யாருடையது, போனஸ் டார்கெட்டோடு கட்டப்பட்டதா? ஆலை என்றால் நைட் ஷிஃப்ட் படி, ஓவர்டைம் இரட்டிப்புக் கூலியா, தங்குமிடமும் சாப்பாடும் உண்டா? ஓசூர், பெருந்துறை, ஸ்ரீபெரும்புதூர் மாதிரி இடங்களில் அறை வாடகை தின்றுவிடும் பணத்தை, தங்குமிடம் தரும் ஊர்ப்புற ஆலை மிச்சப்படுத்தித் தரும்.

ஏற்றம் எப்போது வரும் என்றால், தரக் கட்டுப்பாட்டில் உணவுப் பாதுகாப்புத் தணிக்கையை நடத்தும் அளவுக்கு வளரும்போது. ஹெச்.ஏ.சி.சி.பி., ஐ.எஸ்.ஓ. 22000 என்ற இரண்டு உணவுப் பாதுகாப்பு முறைகளையும் சான்றிதழுக்காக இல்லாமல் ஆலையில் செய்து காட்டியவரை ஏற்றுமதி நிறுவனங்கள் விடுவதில்லை.

சீசன் முடிந்தால் வேலை போய்விடுமா?

பல இடங்களில் ஆமாம், இதை மறைப்பதில் பயனில்லை. மாங்கூழ் ஆலை மே முதல் ஜூலை வரை மூச்சு முட்ட ஓடும். பிறகு நிரந்தர ஆட்கள் மட்டும் இருப்பார்கள். சில ஆலைகள் கொய்யா, தக்காளி என்று ஆண்டை இழுத்துப் பிடிக்கின்றன. சர்க்கரை ஆலையில் அரவைக் காலம் போக மீதி நாட்கள் பராமரிப்பு. நெல் பக்கம், நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்றே ஆள் எடுக்கும். 17 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதா வேண்டாமா என்று வாசலில் நடக்கும் வாக்குவாதத்தைச் சமாளிப்பது பட்டியல் எழுத்தரின் தினசரி. அனுபவசாலிகள் பருவங்களை ஒட்டுப்போட்டு ஆண்டை நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படி முடியாதவர்கள் பால், முட்டை, மாவு, மசாலா, பேக்கரி போன்ற ஆண்டு முழுக்க ஓடும் தொழில்களைப் பாருங்கள்.

பெண் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பலாமா?

உணவு ஆலைகளில் பெருமளவில் நின்று வேலை பார்ப்பவர்கள் பெண்கள்தான் என்பதை எந்த ஆலை வாசலிலும் ஷிஃப்ட் விடும் நேரத்தில் நின்று பார்த்தாலே தெரியும். கேள்வி அனுப்பலாமா என்பதல்ல, எந்த இடத்துக்கு என்பதுதான். பண்ருட்டியில் முந்திரி உடைப்பதும் தோல் எடுப்பதும் பெண்கள். கிலோ கணக்கில் கூலி. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொத்துப்போக வைக்கும். அதே பண்ருட்டியில் தரம் பிரிப்பு மேற்பார்வை, ஏற்றுமதிக் கணக்கு, ஆய்வக வேலைகளும் இருக்கின்றன. மேலே ஏறும் படி எங்கே இருக்கிறது என்று சேரும்போதே பாருங்கள். பத்து வருடம் பேக்கிங் செய்தவரைச் சூப்பர்வைசர் ஆக்கிய வரலாறு அந்த ஆலைக்கு உண்டா என்று உள்ளே இருப்பவரிடம் கேட்டால் பதில் வந்துவிடும்.

நைட் ஷிஃப்ட் என்றால் வீட்டு வாசல் வரை வண்டி வருமா, கழிப்பறை எத்தனை, விடுதி யார் பொறுப்பில், வாரம் ஒருநாள் வெளியே போகலாமா என்று நேரில் போய்ப் பாருங்கள். விடுதிக்குள் பெற்றோரை விடாத ஆலை வேண்டாம்.

கள அலுவலர் வேலைக்கும் பெண்கள் வருகிறார்கள். மகளிர் குழுக்கள், பால் சங்கங்கள், காய்கறி விவசாயிகள் நடுவே அவர்களுக்கு ஆண்களைவிட எளிதாகப் பேச்சு கூடிவருகிறது.

இங்கே உடம்புக்கு என்ன ஆபத்து?

அரிசி ஆலையில் உமித் தூசு. மசாலா ஆலையில் மிளகாய் நெடி. குளிர்பதனக் கூடத்தில் அம்மோனியா கசிவு. தானியக் குழிக்குள் இறங்கும்போது மூச்சுத்திணறல். பெல்ட்டிலும் திருகு எந்திரத்திலும் துணி சிக்குவது. வயலில், கையுறையும் முகமூடியும் இல்லாமல் மருந்து அடிப்பது. எல்லாமே தடுக்கக்கூடியவை. எந்திரத்தை நிறுத்தாமல் கையை விட்டு அடைப்பு எடுக்கச் சொல்லும் சூப்பர்வைசரிடம் 'மெயினை ஆஃப் பண்ணுங்கண்ணா, அப்புறம் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். அதற்காக வேலை போனால் போகட்டும்.

தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலம் வராது. தடையா?

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2021-22 முதல் பி.எஸ்சி. வேளாண்மையைத் தமிழ் வழியிலும் படிக்கலாம். ஆலையில் பதிவேட்டு ஆங்கிலம் நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். மூன்று மாதத்தில் பழகும். உண்மையில் இன்று ஷிஃப்ட் பொறுப்பாளருக்குக் கைகொடுப்பது கொஞ்சம் இந்தி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இல்லாத ஆலையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஐ.டி. வேலையை விட்டுவிட்டு விவசாயம் பார்க்க வரலாமா?

வரலாம். வேலையை விடாமல் வாருங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. நிலத்தை வாங்காமல் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, ஆடிப் பட்டம் ஒன்றும் தைப் பட்டம் ஒன்றும் பார்த்துவிடுங்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். உங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியும், ஆகவே பாருங்கள்: உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போட்டு. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் கரூர் மாவட்டத்தில் தொடங்கிய வானகம் பண்ணையில் இயற்கை விவசாயப் பயிற்சி நடக்கிறது. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சிகள் உண்டு. இரண்டையும் பாருங்கள். யூடியூப்பில் ஏக்கருக்கு லட்சம் என்று சொல்பவரின் வீடியோவில் விற்பனைச் சீட்டு ஒன்றாவது காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

உங்கள் பழைய திறமை வீணாகவும் வேண்டாம். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கும் சந்தையும் தெரிந்த முதன்மைச் செயல் அலுவலர்கள் தேவை. 2020-ல் மத்திய அரசு அறிவித்த 10,000 நிறுவனத் திட்டத்தில் அந்தப் பதவியின் சம்பளத்துக்கே உதவித்தொகை வைத்திருக்கிறார்கள், மாதம் 25,000 ரூபாய் வரை. பெரிய தொகை இல்லைதான். ஆனால் முந்நூறு விவசாயிகளின் மக்காச்சோளத்தை ஒரே பேரத்தில் விற்றுக் கொடுக்கும் அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது.

வீட்டிலேயே ஊறுகாய், தொக்கு, சத்துமாவு போட்டு விற்கலாமா?

விற்கலாம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம் என்று 2011 விதிகள் வகுத்தன. அதற்கு மேல் உரிமம். பதினான்கு இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும். கூடவே சேர்மானங்கள், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், பச்சைப் புள்ளி.

இங்கே பலர் சறுக்குவது சுவையில் அல்ல, கெடாமல் இருக்கும் நாளில். 'ஆறு மாதம் தாங்கும்' என்று கண்டபடி அச்சடிக்காமல், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துப் போடுங்கள். தஞ்சை நிஃப்டம் போன்ற இடங்களில், புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்குக் கைகொடுக்கும் அடைகாப்பு மையம் (இன்குபேஷன் சென்டர்) இருக்கிறது. அவர்கள் எந்திரத்தில் சிறு பேட்ச் ஓட்டிப் பார்த்த பிறகு எந்திரம் வாங்கலாம். கடனுக்கு, 2020-ல் வந்த பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம்: வங்கிக் கடனோடு 35 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 10 லட்சம். மாவட்டத் தொழில் மையத்திலோ வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்திலோ, இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொண்டு திட்ட அறிக்கை எழுதுங்கள்.

மரச்செக்கு எண்ணெய் மட்டும் வேண்டாம் என்பேன். தெருவுக்கு ஒன்று ஆகிவிட்டது.

உரம், மருந்துக் கடை வைக்க என்ன தகுதி?

பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு வேளாண்மையோ வேதியியல், தாவரவியல் போன்ற குறிப்பிட்ட அறிவியல் பாடங்களோ படித்த பட்டம் வேண்டும், இல்லாவிட்டால் இடுபொருள் விற்பனையாளர்களுக்கான ஓராண்டு டிப்ளமோ வேண்டும். வேளாண் பட்டதாரிகள் ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் எனும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் நடத்தும் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டத்தையும் பாருங்கள். 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு கடனும் மானியமும். மானியம் பொதுப் பிரிவுக்கு 36 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 44.

சேரும் முன் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முடிவு செய்ய வழி உண்டா?

உண்டு, இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. இன்று உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும். காளான், தேனீ, நாற்றங்கால், மதிப்புக் கூட்டுதல் என்று சில நாள் பயிற்சிகள் நடக்கும். ஆலை என்றால் தொழிற்பழகுநர் பயிற்சி: உதவித்தொகையோடு உள்ளே நின்று கற்கலாம், ஒத்துவராவிட்டால் முடித்துக்கொண்டு வெளியே வரலாம். இரண்டும் அமையவில்லை என்றால் மே மாதம் ஊரில் எது அறுவடையோ அங்கே கூலிக்குப் போங்கள். பரீட்சை விடுமுறை அதற்குத்தான் வாகாக வருகிறது.

வளைகுடா, மலேசியா வாய்ப்புகள்?

பால் பண்ணை, கோழி, பேக்கரி, இறைச்சிப் பதப்படுத்தல், தரக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இருக்கின்றன. இங்கே இரண்டு மூன்று ஆண்டு அனுபவமும் பதிவேடு எழுதிய பழக்கமும் இருந்தால் மதிப்பு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலமாகவோ மத்திய அரசிடம் பதிவுபெற்ற முகவர் மூலமாகவோ மட்டும் போங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டவே காட்டாதீர்கள்.